வீதிகளும் பாதைகளும் திறந்திருக்கும்

1

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய கிழமை, மகள் வாசுகி ஒரு வெள்ளை அட்டையைக் கொண்டுவந்து என் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். போலந்தில் இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தி ஒரு மாதமளவில் ஆகியிருந்தது. லண்டனில் ரி.வி.யைத் திறந்தால் அதே கதைதான். பனிக்குள் கவச வாகனங்கள், கோட்டுக் கழுத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு வரிசையில் நிற்கும் சனங்கள். வகுப்பில் பிள்ளைகள் ஆளுக்கொரு அட்டையில், தங்கள் வீட்டு மொழியில் 'மார்ஷல் லோ'வுக்கு என்ன சொல் என்று எழுதிவர வேண்டுமாம். சுவரில் ஒட்டப் போகிறார்களாம்.

“அப்பா, இதுக்குத் தமிழ் என்ன?”

பதின்மூன்று வயதுப் பிள்ளை தானாக வந்து என்னிடம் ஒரு தமிழ்ச் சொல் கேட்கிறாள். நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். திருகோணமலையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் ஒன்பது வருஷம் மொழிபெயர்ப்பாளனாக மாரடித்தவன் நான். சட்டச் சொல் என்றால் நித்திரையிலும் சொல்லுவேன். அன்றைக்கு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கனக்க யோசிக்காதேங்கோ. ஆமிச் சட்டம் எண்டு எழுதிறன்” என்றாள்.

“ஆமிச் சட்டம் எண்டால் ஆமிக்காரனை ஆளுற சட்டம். இது ஆமிக்காரன் சனத்தை ஆளுற சட்டம். ரெண்டும் ஒண்டோ? தெரியாட்டி எழுதக்கூடாது! சும்மா வாயில வந்ததை எழுதக்கூடாது!” என்று வீடு அதிரக் கத்தினேன்.

ஒரு அட்டைக்குப் போய் ஏன் இவ்வளவு சத்தம் என்று இங்கிலீசில் கேட்டுவிட்டு அவள் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு இங்கிலீஸ் வராது. அதனால் எங்கள் வீட்டில் எந்தச் சண்டையும் முடிவுக்கு வருவதில்லை.

குசினி வாசலில் நின்ற மனைவி தவமணி, “பிள்ளை ஒரு சொல்லுத்தானேயப்பா கேட்டவள்?” என்றாள். ஓம், ஒரு சொல்லுத்தான். ஒரு சொல்லில் என்ன வந்துவிடப் போகிறதென்று நானும் ஒருகாலத்தில் நினைத்தவன்தான்.

2

இங்கே நான் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். விரிப்புகள் ஒரு பக்கத்தால் ஈரமாக வரும், மற்றப் பக்கத்தால் சூடாகப் போகும். நடுவில் நானும் ஸ்டெஃபானும். ஆள் போலந்துக்காரன், என்னைவிட நாலைந்து வயது மூப்பு. நாலு வருஷமாக ஒரே விரிப்பின் இரண்டு மூலைகளை அவனும் மற்ற இரண்டு மூலைகளை நானும் பிடித்து மடித்து வருகிறோம்.

அவனுடைய ஊருக்கு ரெலிபோன் துண்டிக்கப்பட்டிருந்தது. அங்கே ஓர் அக்கா இருக்கிறாளாம். ஒரு தகவலும் இல்லை. நானும் பெரிய விளக்கக்காரன்போல, இராணுவச் சட்டம் என்றால் இன்னது, அவசரகாலம் என்றால் இன்னது என்று அவனுக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். அவன் கையை உதறினான். தங்கள் மொழியில் அதற்கு அந்தப் பெயரே இல்லை, 'போர் நிலை' என்றுதான் அறிவித்தார்கள் என்றான்.

“ஆரோட போர்?” என்று கேட்டேன்.

“என் அக்காவோடு” என்றான்.

அடுத்த விரிப்பின் மூலைகளைப் பிடித்தோம். திருகோணமலையில், நான் அக்கா முறை சொல்லி ராத்தா என்று அழைத்த கிண்ணியா சல்மா ராத்தா, என் வீட்டு வாசலில் நின்று கேட்ட கேள்வி அப்படியே காதுக்குள் வந்தது. “தம்பி, இது மாசல் லோவா? மாசல் லோ எண்டா ஆளை விடமாட்டாங்களாமே?”

3

இலங்கையின் தெற்கில் சிங்களப் பொடியன்கள் அரசாங்கத்துக்கு எதிராகக் கிளம்பிய எழுபத்தோராம் ஆண்டு அது. நாடு முழுக்க ஊரடங்கு. திருகோணமலையில் துறைமுகமும் எண்ணெய்த் தாங்கிகளும் விமானத் தளமும் இருந்தபடியால் எங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது. நாங்கள் ஓர்ஸ் ஹில்லில் அரசாங்க வீடொன்றில் இருந்தோம். வாசுகிக்கு இரண்டரை வயது.

ஆங்கிலத்தில் வரும் கட்டளைகளைத் தமிழாக்குவது என் வேலை. அதில் எனக்கு இருந்த தலைக்கனத்தைச் சொல்லி மாளாது. சனங்கள் எல்லாவற்றையும் 'மாசல் லோ' என்றார்கள். நான் வழியில் மறித்து மறித்துத் திருத்துவேன். “இராணுவச் சட்டம் எண்டால் கோடு எண்ட நீதிமன்றமும் வழக்கும் எல்லாம் படையிட்டைப் போகும். சுதந்திரத்துக்குப் பிறகு இந்த நாட்டில அது ஒருநாளும் வந்ததில்லை. இது அவசரகால நிலை. கோடு திறந்திருக்குது, நீதவான் இருக்கிறார். ஊரடங்கு எண்டது அதிலை ஒரு கட்டளை மட்டும்.” எல்லாம் சரியான விளக்கம். ஓர் எழுத்துப் பிழை கிடையாது. கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த சந்தியில் மறுபடி மாசல் லோ என்றார்கள்.

எனக்குச் 'சட்டம்பி' என்று பட்டம் வைத்தவர் இஸ்மாயில் நானா. எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியாரைச் சட்டம்பியார் என்பார்கள். சட்டமும் கதைக்கிறேன், வாத்தியார் வேலையும் பார்க்கிறேன் என்று இரண்டையும் சேர்த்து ஒரே அடியாக அடித்துவிட்டார் மனுசன். கிண்ணியாவிலிருந்து எருமைத் தயிர்ச் சட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஓர்ஸ் ஹில் வீடுகளுக்கு வருபவர். எட்டாம் வகுப்புவரை படித்தவர். கிண்ணியாத் துறையில் என்ன அறிவித்தல் ஒட்டினாலும், நிற்கிற சனத்துக்கெல்லாம் கேட்கும்படி குரலெடுத்து வாசிப்பது அவர்தான். அதில் அவருக்கு ஒரு பெருமை. முடித்துவிட்டு என் வீட்டுக்கு வந்து, “சட்டம்பி, உங்கட தமிழை ஆராவது ஒருக்காத் தமிழ்ல எழுதினா நல்லம்” என்று பகிடி பண்ணுவார்.

நகரத்திலிருந்து கிண்ணியாவுக்குப் பாலம் இல்லாத காலம். கடல்நீரேரியைக் கடக்க, வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவை ஒன்று இருந்தது. அந்த மிதவைக்கு அங்கே பெயர் 'பாதை'. பாதை வந்திட்டுது, பாதை போயிட்டுது, பாதை பழுது என்பார்கள். ரோட்டை ஒருவரும் பாதை என்பதில்லை, அது ரோட்டுத்தான். நான் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவன். அந்தப் பாதையில் ஏறி எத்தனையோ முறை போய் வந்திருக்கிறேன். காதுக்கு நன்றாகத் தெரிந்த சொல், பேனை பிடித்த கைக்குத் தெரியவில்லை.

ஊரடங்கை ஒருநாள் பகலில் தளர்த்துவதாகக் கட்டளை வந்தது. ஆங்கிலத்தில் தெருக்களுக்கு இரண்டு சொற்கள் போட்டிருந்தார்கள். சட்டத்தில் எழுதினால் ஒன்றையும் விடக்கூடாது என்பது என் கொள்கை. ஆகவே நானும் இரண்டு சொற்கள் போட்டேன். “காலை ஆறு மணி தொடக்கம் பிற்பகல் நான்கு மணி வரை ஊரடங்குச் சட்டம் தளர்த்தப்படும். அந்நேரத்தில் வீதிகளும் பாதைகளும் பொதுமக்கள் பாவனைக்குத் திறந்திருக்கும்.”

வாசித்துப் பார்த்தேன். ஓசை நன்றாக இருந்தது. கையெழுத்துக்கு அனுப்பிவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன்.

4

மறுநாள் பதினொரு மணியளவில் இஸ்மாயில் நானா வந்தார். எட்டு நாளாக எருமைப் பால் வீணாய்ப் போனதென்று சொல்லிச் சொல்லிச் சட்டியை இறக்கினார். தவமணி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

“நானா, வெள்ளனப் போய்ச் சேருங்கோ” என்றேன்.

“என்னத்துக்கு அவதிப்பட? நாலு மணி மட்டும் பாதை ஓடும் எண்டு நீங்கதானே எழுதியிருக்கிறீங்க” என்று சிரித்தார். “ஆரு எழுதினதெண்டு பேர் போடத் தேவையில்ல. இப்பிடித் தமிழ் எழுத இந்தப் பக்கத்தில உங்கள விட்டா ஆரு இருக்கிறா? நான்தான் விடியத் துறையடியில சனத்துக்கு வாசிச்சனான்.”

எனக்கு அந்த இடத்தில் விளங்கிவிட்டது. ஐயோ, இவர் மிதவையைச் சொல்கிறார், நான் ரோட்டை எழுதினேன் என்று ஒரு நொடியில் விளங்கிவிட்டது. மிதவை எத்தனை மணிவரை ஓடுமென்று எனக்குத் தெரியாது. அது வேறு கந்தோரின் வேலை. “நானா, நான் எழுதினது அந்தப் பாதை இல்லை” என்று சொல்ல ஐந்து விநாடி போதும். சொன்னால் மனுசன் ஆறு மாதத்துக்கு அதையே சொல்லிச் சிரிப்பார், ஓர்ஸ் ஹில் முழுக்கப் பரப்புவார் என்று நினைத்தேன். எப்படியும் மிதவை ஓடத்தானே செய்யும் என்றும் நினைத்தேன். கேற்றைச் சாத்திக்கொண்டு உள்ளே போனேன்.

மிதவையைப் பன்னிரண்டு மணியோடு நிறுத்தச் சொல்லி வேறொரு கட்டளை போயிருந்தது. மிச்ச வீடுகளுக்கும் கொடுத்து முடித்துவிட்டு இஸ்மாயில் நானா இக்கரைத் துறையடிக்குப் போனபோது அது அக்கரையில் கட்டியிருந்தது. மற்றவர்கள் தெரிந்த வீடுகளுக்கும் தோணிகளுக்கும் பிரிந்து போய்விட்டார்கள். சைக்கிளையும் சட்டிகளையும் விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் இவர் காத்திருந்திருக்கிறார். இனி வராது என்று தெரிந்ததும் திரும்ப நகரத்தை நோக்கி மிதித்திருக்கிறார். நகரத்தில் ஓர் இரவு படுக்கக் கேட்கக்கூடிய வீடு அவருக்கு ஒன்றுதான் இருந்தது. அது என் வீடு.

நாலு மணி தாண்டிச் சீனக்குடாவில், எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்து ரோட்டில் வைத்து ரோந்து ஜீப் அவரைப் பிடித்தது.

5

மூன்றாம் நாள் அவருடைய மனைவி சல்மா ராத்தா வந்தா. முக்காட்டின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றா. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. அப்போது கேட்டதுதான் அந்தக் கேள்வி. இது மாசல் லோவா?

“இல்லை ராத்தா. அவசரகாலம்தான். கோடு இருக்குது. கூட்டிக்கொண்டு போய் நீதவானுக்கு முன்னால நிப்பாட்டுவினம். விளக்கமறியல் எண்டு சொல்லுறது, அவ்வளவுதான். பயப்பிடாதேங்கோ” என்றேன்.

சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். விளக்கமறியல் என்றால் வழக்கு இருக்கும், தவணை இருக்கும். தடுப்புக் காவல் என்றால் ஒன்றும் இருக்காது. மேலே ஒருவரின் கையெழுத்துப் போதும். அந்த ஒழுங்குவிதியைத் தமிழாக்கியவனே நான்தான். எண்ணெய்த் தாங்கிப் பக்கத்தில் பிடித்த ஆளை எதில் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

ராத்தா என் சொல்லை நம்பி இரண்டு கிழமை சும்மா இருந்தா. இரண்டு கிழமைக்குள் அவரை வேறு மாவட்டத்து முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். திரும்ப வந்தபோது வழக்குப் பேசுகிற ஒரு புரக்கிராசி எழுதிக் கொடுத்த துண்டைக் கையில் வைத்திருந்தா.

“சத்தியக்கடதாசி ஒண்டு வேணுமாம் தம்பி. துறையடியில ஒட்டின பேப்பர்ல பாதை நாலு மணி மட்டும் எண்டு இருந்தது, அத நம்பித்தான் மனுசன் நிண்டவர் எண்டு, தெரிஞ்ச ஆள் ஒருத்தர் சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கணுமாம். ஒட்டினதெல்லாம் கிழிச்சிட்டாங்க. நீங்க கந்தோர் ஆள். உங்களுக்குத் தெரியும்தானே?”

“பாப்பம் ராத்தா” என்றேன்.

கந்தோரில் தலைமை லிகிதரிடம் கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். “நீர் கடதாசி குடுத்தால் பிழை ஆற்றையெண்டு கேப்பாங்கள். இந்த நேரத்தில பிழையெண்டு எடுக்கமாட்டாங்கள், வேணுமெண்டு செய்ததெண்டுதான் எடுப்பாங்கள். உமக்குச் சின்னப் பிள்ளையும் இருக்கு. நல்லா யோசியும்.”

நன்றாக யோசித்தேன். வாசுகியைச் சாட்டாக வைத்து யோசித்தேன். ராத்தா நாலு தரம் வந்தா. ஒருதரம் ஆள் இல்லை என்று சொல்லச் சொன்னேன். தவமணி போய்ச் சொல்லிவிட்டு வந்து, இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஐந்தாம் தரம் ராத்தா வரவில்லை.

6

பதினொரு மாதம் வைத்திருந்தார்கள். பிறகு ஒருநாள் போகச் சொல்லிவிட்டார்கள். குற்றப்பத்திரம் இல்லை, வழக்கு இல்லை, தீர்ப்பும் இல்லை. ஒருவன் குற்றமற்றவன் என்று ஒரு கடதாசி கிடைக்க வேண்டுமென்றால், முதலில் அவன்மேல் ஒரு குற்றத்தைச் சாட்டியிருக்க வேண்டும். இஸ்மாயில் நானாவுக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. 'சும்மா பிடிப்பாங்களா? பதினொரு மாசம் சும்மா வெச்சிருப்பாங்களா?' என்று ஊர் கதைத்தது. மூதூரிலிருந்து அவருடைய மூத்த மகளுக்கு வந்த சம்பந்தம் அதனாலேயே நின்றது.

கோடு திறந்திருக்குது என்று நான் சந்திக்குச் சந்தி விளக்கம் கொடுத்தேனே, அது உண்மை. கோடு திறந்துதான் இருந்தது. அவரால் அதற்குள் போக ஏலாமல் இருந்தது, அவ்வளவுதான்.

நாங்கள் லண்டனுக்கு வெளிக்கிடுவதற்கு முதல் கிழமை அவர் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். ஒரு தயிர்ச் சட்டி கொண்டுவந்திருந்தார், பயணம் போகிற வீட்டுக்கு. கதிரையில் இருக்கச் சொன்னேன், இருந்தார். இப்போதாவது சொல்லிவிட வேண்டுமென்று தொடங்கினேன்.

“நானா, அந்த அறிவித்தல்...”

“விடுங்க தம்பி” என்றார். அதற்கு முதல் அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை, சட்டம்பிதான். “உள்ளுக்குக் கேட்டாங்க. பாதை ஓடும் எண்டு உனக்கு ஆரு சென்னதெண்டு. பேப்பர்ல இருந்தது எண்டா, எழுதினது ஆரு எண்டு அடுத்ததாக் கேப்பாங்க. நான், எனக்கு வாசிக்கத் தெரியாது, துறையடியில ஆரோ சென்னாங்க எண்டன். ஆரெண்டு கேட்டாங்க. தெரியாதெண்டன். அதையேதான் பதினொரு மாசமும் கேட்டாங்க.”

தண்ணீர் குடித்துவிட்டு எழும்பினார். “சின்னப் பிள்ளக்காரன் நீங்க” என்றார்.

நான் எனக்கே சொல்லிக்கொண்ட அதே சாட்டு. என் வாயில் அது சாட்டாக இருந்தது. அவர் வாயில் அது என்னவாக இருந்ததென்று சொல்ல எனக்கு இரண்டு மொழியிலும் சொல் இல்லை. கேற்வரை போய் வழியனுப்பினேன், வெட்கங்கெட்டவன்.

அதற்குப் பிறகு அவர் துறையடியில் அறிவித்தல் வாசிப்பதே இல்லையாம். கந்தோரில் கூட வேலை செய்த நண்பர் எழுதியிருந்தார். யாராவது கேட்டால், கண் தெரியவில்லை என்கிறாராம். அன்றைக்குச் சொன்ன பொய்யை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார், எனக்காக.

7

இதையும் எழுதாவிட்டால் இந்தக் குறிப்பு அரைகுறையாகிவிடும். இங்கே வந்த மூன்றாம் வருஷம் குடிவரவுப் படிவம் ஒன்றில், எப்போதாவது தடுத்து வைக்கப்பட்டீர்களா என்று ஒரு கேள்வி இருந்தது. ஒன்றையும் விடக்கூடாதென்ற அதே கொள்கையோடு, 'ஆம், வந்த அன்று விமான நிலையத்தில் இரண்டு மணித்தியாலம்' என்று எழுதிவிட்டேன். 'டிட்டெயின்' என்ற அந்த இங்கிலீஸ் சொல்லைத் தாமதப்படுத்துவது என்ற பொருளில் எடுத்துவிட்டேன். பெரிய மொழிபெயர்ப்பாளன்! எந்தக் குற்றத்துக்காக என்று கேட்டுக் கடிதம் வந்தது. நான் பதறியடித்துக்கொண்டு ஒரு சொலிசிற்றரிடம் ஓடினேன். பத்து நிமிஷத்தில் சத்தியக்கடதாசி தயாரானது. வலது கையைத் தூக்கி, நடந்தது சொல் விளங்காத பிழையே தவிர வேறொன்றுமில்லை என்று உறுதியுரைத்துக் கையெழுத்து வைத்தேன்.

என்னுடைய இரண்டு மணித்தியாலத்துக்குப் பத்து நிமிஷத்தில் வைத்த கையெழுத்தை, அவருடைய பதினொரு மாதத்துக்கு நான் வைக்கவில்லை. பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது இது உறைத்தது. உறைத்தும் ஐந்து வருஷம் சும்மா இருந்தேன்.

அட்டைச் சண்டை நடந்து இரண்டு நாளைக்குப் பிறகு வாசுகியை இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். பாதி தமிழ், பாதி இங்கிலீஸ். அவள் சட்டமொன்றும் கேட்கவில்லை. “பிறகு நீங்கள் சைன் பண்ணினீங்களோ?” என்று மட்டும் கேட்டாள்.

“இல்லை.”

“ஏன்?”

உன்னை நினைத்து என்று சொல்ல வாயெடுத்தேன். பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. பயத்தில் என்றேன். அவள் அட்டையை என் பக்கம் தள்ளி, “நீங்களே எழுதுங்கோ” என்றாள். இராணுவச் சட்டம் என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு வேறொரு தாளை எடுத்து இதை எழுதினேன்.

திருகோணமலையில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவனும், ஓர்ஸ் ஹில்லில் குடியிருந்தவனும், சட்டம்பி என்று அழைக்கப்பட்டவனுமாகிய நான், இத்தால் சத்தியமாக உறுதியுரைப்பதாவது: கிண்ணியாத் துறையில் ஒட்டிய அறிவித்தலில் 'பாதைகள்' என்று எழுதியவன் நானே. அது பிழை. அந்தப் பிழையை அன்றே, இஸ்மாயில் நானா போய்ச் சேர நேரமிருக்கும்போதே, நான் அறிந்திருந்தேன். அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. அரசாங்கம் ஒட்டிய கடதாசியை நம்பியது மட்டுமே அவர் செய்தது.

இதை ஊர்ப் பேப்பருக்கு அனுப்புகிறேன், அந்தப் பேப்பர் கிண்ணியாவுக்கும் வரும். பாதைக்குக் காத்து நிற்கும் யாராவது இதைக் கண்டால், தயவுசெய்து நீங்கள் வாசிக்க வேண்டாம். அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். துறையடியில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி அவரே வாசிக்கட்டும். இஸ்மாயில் நானாவுக்கு நன்றாக வாசிக்கத் தெரியும்.